கதவுக்கு முட்டு

பெருநாளுக்கு மறுநாள்
ஃபஹாஹீலில் ஒரு வீட்டு லிஃப்ட்
இரண்டாம் மாடிக்கும் மூன்றுக்கும் நடுவே நின்றுவிட்டது.
உள்ளே ஆள் யாருமில்லை.
மேல்மாடிக்கு அனுப்பிய ஏழு பை இறைச்சி மட்டும்.
கதவை நெம்பித் திறந்து
ஏழையும் எண்ணிக் கொடுத்தேன்.
ஒன்றைத் திருப்பி என் கையிலேயே வைத்தார்கள்.

அறைக்கு வந்து பிரித்தால்
முழுத் தொடை.
மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறையும்.
எங்களுக்கு ஆட்டுக்கறி
துண்டாகத்தான் வந்து பழக்கம்:
அரைக் கிலோ, நெஞ்செலும்பும் கொழுப்பும் கலந்து,
குழம்புக்குள் அகப்பை தேடித் தேடிப் போகும்.
இதுவோ சமையல் மேடையில்
காலை நீட்டிப் படுத்திருந்தது,
சொல்லாமல் வந்த சம்பந்தி போல.

"குழம்பு வேண்டாம். அவன்" என்றான் முஹ்சின்.
அடுப்புக்குக் கீழே ஒரு அவன் உண்டு.
ஆறு வருஷமாக அதற்குள்
தோசைக்கல்லும் வாடகை ரசீதுகளும்தான் குடியிருந்தன.
திருகியில் எண்கள் அழிந்துபோயிருந்தன.
"சூடாகிறானா அவன்?" என்றான் ததேயு.
கையை விட்டுப் பார்த்து
"ஆகிறான், ஆனால் மனசில்லாமல்" என்றேன்.

தயிர், மிளகு, உப்பு.
கல்லாய்க் காய்ந்த கறுப்பு எலுமிச்சை இரண்டை
ஸ்பானரால் உடைத்தோம்.
கத்தி நுனியால் முப்பது குத்து,
குத்துக்கு ஒரு பல் பூண்டு என்று கணக்கு.
இருபத்தொன்றில் பூண்டு தீர்ந்தது.
மிச்ச ஒன்பதும் வாயைத் திறந்தபடி கிடந்தன.

உள்ளே தள்ளினால் கதவு சாத்தவில்லை.
கணுக்கால் இரண்டு விரற்கடை வெளியே.
என் பையில் இரும்பறுக்கும் ரம்பம் இருந்தது, புது பிளேடு.
"அறுத்தால் அது தொடை இல்லடா, கறி" என்றான் முஹ்சின்.
அதற்கு யாரிடமும் பதில் இல்லை.
மூலைக்கு மூலை கோணலாக வைத்ததில்
ஒரு விரல் குறைந்தது.
மற்ற விரலுக்கு அலுமினியத் தாள் அடைத்து,
ஈரச் சாக்கை நாலாய் மடித்துக் கதவில் சார்த்தி,
பிளாஸ்டிக் நாற்காலியால் முட்டுக் கொடுத்து,
நாற்காலியில் ஓர் ஆள்
உட்கார்ந்தே இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

முஹ்சின் அரைமணி உட்கார்ந்தான்.
சூப்பர் மார்க்கெட்டிலிருந்து அழைப்பு, போய்விட்டான்.
ததேயுவுக்கு இரவு டியூட்டி முடிந்த கண்.
உட்கார்ந்தபடியே தூங்கிச் சரிந்தான்,
கதவு வாய் பிளந்து கூடம் முழுக்கப் புகை.
அடுத்து நான். பத்தே நிமிஷம்.
மங்காஃபில் இன்னொரு லிஃப்ட்.

குடிதண்ணீர் பிடிக்க வந்தார் திருவேங்கடம்.
கறி தொடாதவர்.
அவர் தட்டுக்கும் டம்ளருக்கும் தனி அலமாரி.
வெள்ளிக்கிழமை மதியங்களில்
ஜன்னலைத் திறந்து அறைக்கதவைச் சாத்திக்கொள்பவர்.
என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார்.
"எவ்வளவு நேரம்?" என்றார்.
"இரண்டு மணி, அண்ணாச்சி."
பாட்டிலை மூடி வைத்துவிட்டு
வந்து உட்கார்ந்தார்.

நான் திரும்பியபோது
மூக்குக்குக் கீழே விக்ஸ் மினுமினுக்க
முதுகு நனைந்து
ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தார்:
"கரண்ட் பில்லைக் கட்டிவிடு.
நானா? ஒன்றுமில்லை,
சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன்."

போனை வைத்துவிட்டுச் சொன்னார்:
"சத்தம் மாறிவிட்டது.
முதலில் சடசட என்றது,
இப்போது முணுமுணுக்கிறது.
ஆகியிருக்கும், பாருங்கள்."

ஆகியிருந்தது.
கரண்டி பட்டதும் எலும்பை விட்டு வந்தது.
பூண்டில்லாத ஒன்பது குழிகளிலும் சாறு நின்றது.
முஹ்சினுக்கு எடுத்து வைத்து
குப்பூஸில் பிட்டுப் பிட்டுத் தின்றோம்,
ததேயு எலும்பை இரண்டு கையாலும் பிடித்து.
தள்ளி உட்கார்ந்து தயிர்சாதம் பிசைந்தபடி
திருவேங்கடம் கேட்டார்:
"அந்தக் கறுப்பு எலுமிச்சை
இன்னும் ஒன்று இருக்கிறதா?
ரசத்துக்குப் போட்டுப் பார்க்கலாம்."

நாற்காலியின் முதுகு சூட்டில் இளகி
கொஞ்சம் பின்னால் வளைந்துவிட்டது.
தூக்கிப் போடவில்லை.
முன்னைவிட இப்போது
சாய வசதியாகத்தான் இருக்கிறது.