2035153

பாசிர் பாஞ்சாங் முனையம், இரவு இரண்டரை.
மைனஸ் பதினெட்டில் இறால் கிடக்கும்
வெள்ளைப் பெட்டியின் பக்கவாட்டில்
ஆறு இலக்கம்.
ஏழாவதாக ஒரு மூன்று, தனிக் கட்டத்துக்குள்:
மற்ற ஆறும் பொய் சொல்லவில்லை என்பதற்குச் சாட்சி.

வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு நகர்வதுதான் என் வேலை.
வகுத்துப் பார்ப்பதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

வாய்விட்டுப் படித்தேன்.
இரண்டு மில்லியன் என்று தொடங்கினால் என் பள்ளிக்கூடம்.
இருபது லட்சம் என்று தொடங்கினால் அம்மா.
எண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்,
அது தாய்மொழித் தேர்வு எழுதியதில்லை.

இரண்டால் வகுத்தேன், மீதி ஒன்று.
மூன்றால், ஒன்று.
ஐந்தால், மூன்று.
ஏழு கிட்டத்தட்டப் பிடித்தேவிட்டது,
கடைசியில் மறுபடி அதே ஒன்று
கப்பல் போன பிறகு துறையில் நிற்கிற ஆள் மாதிரி.
பதினொன்றுக்கு மீதி பத்து. சே,
இன்னும் ஒன்றே ஒன்று இருந்திருக்கக் கூடாதா!
கையுறையைக் கழற்றிக் கைபேசியில் தட்டியபடி
அடுக்குகளுக்கு இடையே நடந்தேன்.
பதின்மூன்று, பதினேழு, பத்தொன்பது,
நாற்பத்து மூன்றில் நிறுத்தினேன்.
பகா எண்ணாகவே இருந்துவிட்டுப் போகட்டும்,
எனக்குக் கோப்பி வேண்டும்.

ஓய்வறையில் ஹஃபிஸுல்
காலிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்:
கீழே நான்கு, அதன்மேல் மூன்று, இரண்டு,
உச்சியில் ஒன்று, ஆடிக்கொண்டு.

என்றோ படித்த சூத்திரம்.
எட்டால் பெருக்கினேன், ஒன்று கூட்டினேன்,
வர்க்கமூலம் கேட்டேன்.
நாலாயிரத்து முப்பத்தைந்து.
புள்ளிக்குப் பின்னால் எதுவுமே இல்லை.

முக்கோணம்!
ஒன்று, இரண்டு, மூன்று என்று
இரண்டாயிரத்துப் பதினேழு வரை கூட்டினால்
என் இறால் பெட்டி.
அதாவது 1009 பெருக்கல் 2017.
ஆயிரத்துக்குள் நூற்று அறுபத்தெட்டு பகா எண்கள்,
அத்தனையும் தட்டிவிட்டு மீதியோடு திரும்பியிருக்கும்.
நூற்று அறுபத்தொன்பதாவதற்குத்தான் திறக்கிறது கதவு.
நான் நின்ற இடம் பதினான்கு.

அன்றைய ஷிப்ட் முடிவதற்குள் இன்னொன்றும் கிடைத்தது:
1367இன் வர்க்கமும் 408இன் வர்க்கமும் சேர்ந்தால் இதே எண்,
1097இன் வர்க்கமும் 912இன் வர்க்கமும் சேர்ந்தாலும் இதே எண்.
பகா எண் ஒருபோதும்
இப்படி இரண்டு வாக்குமூலம் கொடுக்காது.

ஹஃபிஸுலிடம் சொன்னேன்.
முழுவதும் கேட்டான், கோப்பையை உறிஞ்சினான்,
"அதனால் இறாலுக்கு என்ன?" என்றான்.

இறாலுக்கு ஒன்றுமில்லை.
ஐந்தேகாலுக்குப் பாரந்தூக்கி வந்து
பெட்டியை நாலு மூலையிலும் பற்றித் தூக்கியது.
முக்கோணம் சற்று நேரம் காற்றில் தொங்கியது,
பிறகு கப்பலுக்குள் இறங்கியது.

காலியான இடத்துக்கு வேறொன்று வந்தது.
அதே வெள்ளை, அதே நிறுவனம்.
2035169.
இரண்டால், ஒன்று.
மூன்றால், இரண்டு.
ஐந்தால், நான்கு.
ஏழால்...
முதலில் வெப்பநிலையை எழுதிவிடுகிறேன்.