மூன்று எண்ணுவதற்குள்

ஒரூரோவில் என் கடையில் ஏழு கணினிகள்.
ஆறு தாமாகவே ராத்திரியில் புதுப்பித்துக்கொள்ளும்.
ஏழாவதை மட்டும்
ஒருவரையும் கை வைக்க விடமாட்டேன்.

சுங்கத்துறையின் சரக்குப் படிவம்
அதிலிருக்கும் பழைய உலாவிக்குத்தான் வாய் திறக்கும்.
மற்றதில் போனால் வெறும் வெள்ளை,
ஆகஸ்டில் கொய்பாசா உப்பளம் மாதிரி.
வங்கித் தளமோ அதே உலாவியைக் கண்டதும்
"உங்கள் பதிப்பு காலாவதியானது" என்று
முகத்தில் கதவைச் சாத்தும்.
ஒருவனுக்குப் பழசுதான் வேண்டும்,
ஒருவனுக்குப் பழசே ஆகாது.
நடுவே நான், இரண்டு கம்பளிச் சட்டையோடு,
மணிக்கு மூன்று பொலிவியானோ.

விளம்பரத் தடுப்பானும் அதில் ஏறாது.
ஆறு கணினிகளில் நான் விரட்டியடித்ததெல்லாம்
ஏழாவதில் வந்து குடியேறிவிட்டதாகவே நம்புகிறேன்:
முடி வளர்க்கும் எண்ணெய்,
உடனடிக் கடன்,
தனிமையா என்று கேட்கும் ஒருத்தி,
"வாழ்த்துகள், பத்து லட்சமாவது வருகையாளரே!"
இதே நாற்காலியில்
நானூறு பேராவது பத்து லட்சமாவது ஆள் ஆகியிருப்பார்கள்.
மூடும் குறி எள்ளளவு.
தொடப்போனால் எள்ளும் நகரும்.
எந்த மூலையிலிருந்து பாடுகிறதென்றே தெரியாத ஒன்றுக்காக
ஒலிபெருக்கியைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன்.

பிறகுதான் அந்த வித்தை.
படித்து வந்ததில்லை, ஆத்திரத்தில் வந்தது.
படிவம் முதலில் வரும்.
விளம்பரங்கள் எங்கிருந்தோ கிளம்பி வர
மூன்று நொடி பிடிக்கும்.
பந்திக்குப் பிந்துகிற அந்த மூன்று நொடிதான் என் பிழைப்பு.
உனோ, தோஸ் என்று எண்ணி
பின்னாலிருக்கும் இணையக் கம்பியைப் பிடுங்குவேன்.
படிவம் மட்டும் நிற்கும்,
கூட்டம் இறங்கிப்போன பேருந்தில்
ஓட்டுநர் போல.
நிரப்பு. கம்பியைச் செருகு. அனுப்பு.
மறுபடி பிடுங்கு.
கம்பியின் கொக்கி உடைந்து எட்டு மாதமாகிறது,
பசைநாடாவில் ஓடுகிறது சுங்கத்துறை.

வியாழக்கிழமை பொர்ஃபீரியோ திகோனா வந்தான்,
லாரியில் இருபத்தெட்டு டன் சோயா, அரிக்கா துறைமுகத்துக்கு.
தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டியதில்
எண்ணிக்கை தவறிவிட்டது எனக்கு.
பிடுங்கியபோது
திரை முழுக்கக் கடல்.
கப்பல் தளத்தில் ஒருத்தி சிரிக்கிறாள்,
"இன்றே புறப்படுங்கள்!"
இணையம் அறுந்ததால் அவளால் போகவும் முடியாது.
அலைக்குக் கீழே
படிவத்தின் கடைசி மூன்று வரிகள் மட்டும்
கரை ஒதுங்கிக் கிடந்தன.

எங்கள் நாட்டுக்குக் கடல் கிடையாது.
கடற்படை உண்டு.

"இரு, மறுபடி திறக்கிறேன்" என்றேன்.
"வேண்டாம், எர்மினியா" என்றான்.
"வாராவாரம் அரிக்கா போகிறேன்.
வரிசையில் பதினாறு மணி நேரம்.
கண்டெய்னர் இடுக்கில்
ஒரு விரல் அகலத்துக்குத்தான் பார்த்திருக்கிறேன்."
தெரிந்த மூன்று வரிகளை நிரப்பினான்.
மற்றதை அச்சடித்த பிறகு
அலைகளின் மேல் பேனாவால் எழுதினான்:
வண்டி எண், எடை, சரக்கின் பெயர்.
கடல் நீல மையை மடமடவென்று குடித்தது.
ஒரு பொலிவியானோ கூடக் கேட்டேன்.
பேரம் பேசாமல் கொடுத்தான்.

தம்போ கெமாதோ எல்லையில்
அதிகாரி தாளை வெகுநேரம் பார்த்தாராம்.
"டிக்கெட் எவ்வளவு?" என்றாராம்.
விலை தெரியாது என்றிருக்கிறான் இவன்.
அந்தப் பெண்ணின் பல்வரிசை மேலேயே
முத்திரை குத்தி அனுப்பிவிட்டாராம்.

நேற்று முன்பின் தெரியாத ஓட்டுநர் ஒருவர்,
தொப்பியைக் கையில் கசக்கியபடி:
"கடல் போட்ட படிவம் இங்கேதானே?
அது இருந்தால் சீக்கிரம் விடுகிறார்களாம்."

ஏழாவதைத் திறந்தேன்.
கம்பியைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன்,
மூன்று,
நான்கு,
ஐந்து வரை விட்டுப் பிடித்தேன்.

முடி வளர்க்கும் எண்ணெய் வந்தது.