இரட்டைப் பின்னல்

துவாரகா குடும்ப நீதிமன்றத்தில்
அடுத்தவர் கோபத்தைத் தட்டச்சு செய்வது என் வேலை.
கத்தினான் என்று இந்தியில் அழுவாள் சாட்சி.
குரலை உயர்த்தினார் என்று ஆங்கிலத்தில் சொல்லுவார் நீதிபதி.
என் விரல்களும் உயர்த்தியதோடு நிறுத்திக்கொள்ளும்.
நிமிடத்துக்கு நூறு சொல். பிழை கிடையாது.

மூன்று பேர் பார்த்த மேசை.
ஒருவர் ஓய்வு பெற்றார். ஒருத்தி பிரசவத்துக்குப் போனாள்.
தீபாவளியிலிருந்து நான் மட்டும்.
ஆத்திரத்தை அடக்கினாலும்
மூத்திரத்தை அடக்கக் கூடாது என்பார்கள்.
இங்கே இரண்டையும் அடக்கியாக வேண்டும்;
பெண்கள் கழிப்பறைச் சாவி
மதியம்வரை யாரிடம் என்றே தெரியாது.

இதெல்லாம்தான் காரணமா என்று கேட்டால்
தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை, காலை ஏழு பத்து.
உத்தம் நகரில் இரண்டாம் நாளாகத் தண்ணீர் இல்லை.
தேனுகா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.
வலப் பின்னல் முடிந்தது.
இடப் பக்கம் ஒரு சிக்கு,
கட்டைவிரல் நகம் அளவு.

கை தானாக இழுத்தது என்று எழுதலாம்.
அப்படிச் சொன்ன கணவர்கள் எத்தனை பேரை
நானே தட்டச்சு செய்திருக்கிறேன்.
இழுத்தேன்.
அவள் தலை பின்னால் வந்து என் முழங்காலில் இடித்தது.
சீப்பை எறிந்தேன்.
ஃபிரிட்ஜில் பட்டு மூன்று பல் போனது.

அவள் அழவில்லை.
"சாரிம்மா" என்றாள்.
எதற்கு என்று அவளுக்கும் தெரியாது.

மெட்ரோவில் ஒருவன் முழங்கை
ஐந்து நிலையமும் என் விலாவில்.
ஒரு வார்த்தை சொல்லவில்லை நான்.
முன்பின் தெரியாதவனுக்கு
என்னிடம் எவ்வளவு பொறுமை இருக்கிறது பாருங்கள்.

பதினொன்றரைக்கு, நீதிபதியின் அறையில்,
ஒன்பது வயதுப் பையன்.
கையில் சாக்லேட்டைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.
"மம்மி நல்லவங்கதான்.
சில நாள் மட்டும்... முன்னாடியே தெரிஞ்சிடும்."
"எப்படித் தெரியும்?"
"பாத்திரம் வைக்கிற சத்தத்துல."
இந்தியில்தான் சொன்னான்.
எனக்குத் தமிழில் கேட்டது.

"மேடம்?" என்றார் நீதிபதி.
தட்டினேன்.
சத்தம் என்ற சொல்லில் ஓர் எழுத்து பிசகியது.
திருத்தினேன்.

சாயங்காலம் டம்ளரைக் கழுவி
மேடையில் வைத்தேன், பூனை கால் வைக்கிற மாதிரி.
அதுவும் தப்பு.
அவ்வளவு மெதுவாக வைத்தால்
அதற்கும் ஒரு சத்தம் உண்டு;
உள்ளறையில் பென்சில் நின்றது.

தானே ஒரு குதிரைவால் போட்டிருந்தாள், கோணலாக.
"பின்னி விடட்டுமா?"

பல் போன சீப்பை எடுத்து வந்தாள்.
கொடுக்கும் முன்
என் கையைப் பார்த்தாள்.
பிறகுதான் முகத்தை.

உட்கார்ந்தாள்.
ரப்பர் பேண்டை ஒரு முடிகூட இழுபடாமல் கழற்றவே
வெகுநேரம் ஆனது.
உச்சியைத் தொடவில்லை.
நுனியிலிருந்து ஆரம்பித்தேன்.