நெரிசல் வாடகை

லாஃபன்பூர்க் பாலத்தில் சனிக்கிழமை.
சுவிஸ் கரையிலிருந்து வெறும் பைகள் போகின்றன,
ஜெர்மன் கரையிலிருந்து
இறைச்சியும் சலவைத்தூளுமாய்த் திரும்புகின்றன.
ஒரே ஆறு,
ஒரு கிலோ கோழிக்கு இரண்டு விலை.
பாலம் போதிய அகலமிருந்தால்
விலைகள் ஒன்றையொன்று தொட்டுவிடும் என்றேன்.
"சுங்கக்காரனை மறந்துவிட்டாய்"
என்றார் ஃப்ரிடோலின் ஓப்ரிஸ்ட்.

திங்கட்கிழமை அதையே விதியாக எழுத உட்கார்ந்தோம்.
கம்பி நிரம்பிவிட்ட மணிநேரத்தில்
அந்தப் பக்கம் நாற்பது, இந்தப் பக்கம் எழுபத்தொன்று.
நடுவில் நிற்கும் முப்பத்தொன்று யாருடையது?
கோபுரத்தினுடையதா, குளிரினுடையதா,
முன்கூட்டி ஏலம் கேட்டவருடையதா?

கேட்டவருக்கே என்றோம்.
எதை விற்கிறோம் என்ற வரியில்தான்
மூன்று நாள் முடங்கிக் கிடந்தோம்.

மின்சாரம் ஒப்பந்தம் படிப்பதில்லை.
வடக்கே வாங்கித் தெற்கே கொடு என்றால்
ஒரு பங்கு பிரான்ஸைச் சுற்றுகிறது,
ஒரு பங்கு ஆஸ்திரியாவுக்குள் புகுந்து
யாரிடமும் சொல்லாமல் வந்து சேர்கிறது.
இந்தக் கம்பி உமக்கு என்று எழுதித் தருவது
ரைனில் ஒரு குடம் ஊற்றிவிட்டு
பாசலில் போய் அதே தண்ணீரைக் கேட்பது.

அணை வருமுன் இந்த ஊரில்
பாறைகளுக்கு உரிமையாளர் இருந்திருப்பார்கள்.
பாறையை வாங்கியவன்
சால்மனை வாங்கியதில்லை.

ஆகவே வழியை விற்கவில்லை.
வித்தியாசத்தை விற்றோம்.

டிசம்பரில் ஃப்ரிக் வார்ப்பாலையின் ரோஸ்விதா ஹெர்ட்சோக்
மேலங்கியில் கரிமணலோடு வந்தார்.
"பத்து மெகாவாட்டுக்கு வாங்கினேன்,
நாலுக்குத்தான் காசு வந்திருக்கிறது.
அன்று காலை ஆறு மணிக்கு
இங்கே விலை நானூற்றுப் பத்து."

பனியில் ஒரு கம்பி விழுந்திருந்தது.
ஏழாம் விதியைத் திருப்பிக் காட்டினேன்:
கொள்ளளவு குறைந்தால்
உரிமைகளும் அளவுக்கேற்பக் குறைக்கப்படும்.
முழுதாகக் கொடுப்போம் என்று
முதல் நாளே சொன்னவர் ஃப்ரிடோலின்.
'அளவுக்கேற்ப' என்னுடைய சொல்.
ஆறு வரைவுகளில் யாரும் அதைத் தொடவில்லை,
அவ்வளவு நியாயமாக ஒலித்தது.

விரல் வைத்து இரண்டு முறை படித்தார்.
"அந்த ஒரு நாளுக்காகத்தானே
மற்ற முந்நூற்று அறுபத்துநாலையும் வாங்கினேன்?"

ஃப்ரிடோலின் ஜன்னலைப் பார்த்தார்.
நான் அவருக்குக் காபி ஊற்றினேன்,
அவர் குடிக்கவில்லை.

வசந்தத்தில் ஏழாம் விதியை அடித்தேன்.
இனிப் பனி எங்கள் கணக்கில்.
கம்பி உரிமையாளர்கள் பதினான்கு பக்கத்தில் மறுத்தார்கள்.
அடுத்த ஏலத்தில் குறைவாகத்தான் விற்கத் துணிவோம்,
விலை ஏறும்,
அதற்கும் அவர் வருவார்.
வரட்டும்.

இன்று புதன், பகல் மூன்று மணி.
பாலத்தில் ஒரு சைக்கிள் மட்டும்.
கம்பியில் இடம் தாராளம்,
இரு பக்கமும் ஐம்பத்திரண்டு.
இந்த மணிநேரத்துக்கு
எங்கள் உரிமைச் சீட்டின் பெறுமதி பூஜ்யம்.
யாரும் தொலைபேசியில் அழைக்கவில்லை.