இரண்டாவது ஜாய்ஸ்டிக்

பர்மா பஜாரில் எண்ணூறு சொன்னான்,
ஐந்நூற்றைம்பதுக்கு இறங்கினான்.
பெட்டியின் மேல் ஜப்பான் என்று இருந்தது,
அடியில் ஒன்றுமே இல்லை.
ஜெரால்டு அண்ணன் அதைச்
சட்டைக்குள் அணைத்துக்கொண்டு
ராயபுரம் வரை நடந்தான்,
பஸ்ஸில் யாராவது இடித்துவிடுவார்கள் என்று.

டயனோரா டிவியின் திருகை
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே
எங்கோ ஓரிடத்தில் பிடிக்க வேண்டும்.
புள்ளி மழை விட்டு நீல வானம் வரும்.
பிறகு அந்தப் பாட்டு.

அவன் கையில் முதல் ஜாய்ஸ்டிக்.
என்னுடையதில் ஸ்டார்ட் கிடையாது,
செலக்ட் கிடையாது.
தொடங்க முடியாது, நிறுத்தவும் முடியாது.
அவன் செத்த பிறகுதான் என் முறை.
சாவுடா, சாவுடா என்று
ஜெபமாலை நேரத்தில்கூட
மனசுக்குள் சொல்லியிருக்கிறேன்.

இப்போது அம்பத்தூரில் என் வேலை
சர்க்யூட் போர்டுகளுக்குக் காய்ச்சல் பார்ப்பது.
அதனால் தெரிகிறது:
அந்தப் பெட்டிக்கு இருந்த நினைவு
இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு எழுத்து.
எங்கள் ரேஷன் கார்டை
அட்டையோடு சேர்த்து எண்ணினால் அவ்வளவு வரும்.
கரண்ட் போனால் அதுவும் போகும்.

ஒரு கிடைக்கோட்டில் எட்டு உருவம்தான் வரையும்.
ஒன்பதாவது ஆள் வந்து நின்றால்
யாரோ ஒருவர் இல்லாமல் போக வேண்டும்.
முறை வைத்து மாறி மாறி மறைவார்கள்.
டிவி கெட்டுப்போச்சு என்று நாங்கள் தட்டியது அதைத்தான்.
தண்ணீர் லாரி வரும் காலைகளில்
பனைமரத்தொட்டித் தெருவில்
இத்தனை நியாயமாக யாரும் நின்றதில்லை.

அசல் சிப்பிலேயே ஒரு வெட்டு உண்டாம்.
பத்துப் பத்தாகக் கணக்குப் போடும் பகுதி
வேறொருவன் காப்புரிமை.
எடுத்தெறியாமல், உள்ளே வைத்தபடியே
நரம்பை மட்டும் அறுத்துவிட்டார்கள்.
நகலெடுத்தவர்கள் வெட்டையும் நகலெடுத்தார்கள்.
வேறொன்றில் கை தவறியது.

போன மாதம் ஷார்ஜாவிலிருந்து
வீடியோ காலில் வந்தான்.
"அசல் பெட்டியே வாங்கிட்டேன் ரெஜினா, கேளு."
கேட்டேன்.
மெலிய வேண்டிய இடத்தில் தடிப்பு,
தடித்த இடமெல்லாம் மூக்கால் பாடுகிறது.
"பாட்டு தப்பா இருக்குடா."
"இதாண்டி ஒரிஜினல்."
"அப்ப ஒரிஜினல் தப்பு."

ஞாயிறு பூசை முடிந்து வந்து
லாஃப்டிலிருந்து இறக்கினேன். நான்கு திருகு.
உள்ளே ஒரு கறுப்புச் சொட்டு, தார் மாதிரி.
அதற்கடியில் பெயரில்லாத சிப்.
அலைகாட்டியின் முனையை வைத்தேன்.
கால் நேரம் உயர்ந்து விழ வேண்டிய சதுர அலை
அரை நேரம் நின்றது.
அரை நிற்க வேண்டியது காலில் இறங்கியது.
எந்த ஊர்த் தொழிற்சாலையிலோ
இரண்டு கோடு இடம் மாறி
எங்கள் வீட்டில் ஆறு வருஷம் பாடியிருக்கிறது.

அதோடு விட்டிருக்கலாம். பழைய கோபம்,
என் ஜாய்ஸ்டிக்கையும் பிரித்தேன்.
தகட்டில் ஸ்டார்ட்டுக்கு இடம் இருந்தது!
செம்புப் பற்கள் சீப்பாகக் கோத்துக் கிடந்தன.
மூடியில்தான் துளை போடவில்லை.
ஒரு ரூபாய்க் காசை வைத்து அழுத்தினேன்.
ஒன்றும் நடக்கவில்லை.
சேதி போய்ச் சேர்கிறது, போகாமல் இல்லை.
விளையாட்டுதான்
நிறுத்தலாமா என்று
முதல் கையிடம் மட்டும் கேட்கிறது.

போனை டப்பாவில் சாய்த்துவைத்து அவனை அழைத்தேன்.
"என்னடி புகை?"
"ஈயம். ரெண்டு வயரையும் மாத்தி வைக்கிறேன்.
இனிமே நீ ரெண்டு."
கொஞ்ச நேரம் பேச்சில்லை,
படம் உறைந்துவிட்டதோ என்று பார்த்தேன்.
"சரி," என்றான்.
"பாட்ட மட்டும் ரிப்பேர் பண்ணிடாத."