மதிப்பீட்டுப் படிவம்

சொஃப்ட்போல் லீக்கிலிருந்து படிவம் வந்திருக்கிறது.
உங்கள் பிள்ளையின் கோச் எப்படி?
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் வட்டமிடுக.

ஆட்ட அறிவு.
ஐந்து. அதில் பேச்சில்லை.
பந்து மட்டையை விட்டுக் கிளம்பும்போதே
அது விழப்போகும் இடத்தைப் பார்த்து
முகம் சுளித்துவிடுவாள் நடீன்.

நேரந்தவறாமை.
மார்கழியில் எங்கள் தெருவில் பனி வழிக்கும் லொறி
அவள் ஓட்டுவது.
அஜாக்ஸ் உறங்கும்போது, விடிய நாலு மணிக்கு,
வீதியைத் திறந்துவிட்டுப் போகிறவளுக்கு
பின்னேரம் ஆறு மணி ஒரு காரியமா?

பொறுமை.
இங்கே பேனா நிற்கிறது.
அம்பயரோடு வாய்கொடுத்து ஒருமுறை
வேலிக்கு வெளியே அனுப்பப்பட்டவள்.
மடக்குக் கதிரையில் சாய்ந்தபடி டெஸ்ஸின் தகப்பன்
"தோளைத் திருப்பு, தோளைத் திருப்பு" என்று கத்தியபோது
ஒரு வாளி பந்தைக் கொண்டுபோய் அவர் காலடியில் வைத்து
"ஐம்பது எறிந்து காட்டுங்கோ" என்றவள்.
பன்னிரண்டாவதோடு அவர் உட்கார்ந்துவிட்டார்.
அதன்பிறகு அந்தப் பக்கம் சத்தமில்லை.

ஆனால் ஹர்நூர்,
ஏழு ஆட்டமாக மட்டையில் பந்து படாத பிள்ளை,
ஒவ்வொரு முறையும் தலை குனிந்து திரும்பி வரும்போது
நடீன் கேட்பது ஒன்றுதான்:
"பந்து என்ன நிறம்?"
மஞ்சள் என்பாள் அவள், எரிச்சலாக.
"அப்ப பார்த்திருக்கிறாய். இன்றைக்கு அது போதும்."

இதற்கு எந்தப் பெட்டி?

ஆடி மாதக் கடைசி ஞாயிறு.
ஏரிக் காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தது.
கடைசி இன்னிங்ஸ், ஒரு ஓட்டம் பின்னால்,
இரண்டு பேர் அவுட்.
ஸோயிக்கு மூக்கால் இரத்தம்.
"நீங்கள் போய் மூன்றாம் பேஸில் நில்லுங்கோ" என்றாள் என்னிடம்,
ஸ்கோர் புத்தகம் எழுதுகிற என்னிடம்,
கிரிக்கெட்டைத் தவிர ஒன்றும் தெரியாத என்னிடம்.
இரண்டாம் பேஸில் என் மகள் மகிழினி.

ஹர்நூர் அடித்தாள்.
அடித்தேவிட்டாள்,
இடப்பக்கப் புல்லுக்கு, தாழ்வாக, நேராக.

நான் பார்த்தேன். வேலியோரம் நடீன்
ஒரு கையால் ஸோயியின் மூக்கைப் பொத்தியபடி
மறுகையை விரித்து உயர்த்துகிறாள்.
நிறுத்து.
பார்த்தும் என் கை சுழன்றது.
ஓடு பிள்ளை, ஓடு என்று
தமிழில் கத்தினேன், முழு மைதானத்துக்கும் கேட்க.

திரும்பிக்கூடப் பாராமல் ஓடினாள்.
பந்து அவளுக்கு முன்பே வந்து
காவல் நின்றது.

புழுதியிலிருந்து எழும்பி என்னைப் பார்த்தாள்.
எல்லாப் பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள்.
ஏனப்பா என்று அவள் வாய் திறக்குமுன்
நடீன் வந்துவிட்டாள், கையில் இரத்தத் துணியோடு.
"நான்தான் அனுப்பச் சொன்னேன். என்னுடைய பிழை."
அவ்வளவுதான்.
உடனே ஹர்நூர் பக்கம் திரும்பி:
"என்ன நிறம்?"
"மஞ்சள்!" என்று கத்தினாள் அந்தப் பிள்ளை,
அழுகையா சிரிப்பா என்று தெரியாத குரலில்.

பிள்ளைகள் ஐஸ்பழப் பெட்டிக்கு ஓடினார்கள்.
ஏழுக்கு ஆறு, தோல்வி.
மகிழினி, ஹோம் பிளேட்டில் அவுட்.
நானேதான் எழுதினேன்.
யார் அனுப்பியது என்று எழுத
அந்தப் புத்தகத்தில் இடமில்லை.
மட்டைப் பையை என் காரில் ஏற்றும்போது
மெல்லச் சொன்னாள் நடீன்:
"அடுத்த முறை என் கையைப் பாருங்கோ."

அடுத்த முறை!

இப்போது படிவத்தின் கடைசிக் கேள்வி.
நேர்மை. ஒன்றிலிருந்து ஐந்துக்குள்.

மகிழினி தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறாள்.
"அதுக்கு மட்டும் ஏன் இன்னும் வட்டம் போடேல்லை?"

பேனாவை மூடி வைத்துவிட்டு
பக்கத்துக் கதிரையை
அவளுக்கு இழுத்துப் போட்டேன்.