பெல்ட் போடக் கூடாத சாலை

பிப்ரவரியில் கடல் உறைந்ததும்
ஹீயுமா தீவிலிருந்து கரைக்குச் சாலை திறக்கிறார்கள்.
தடுப்புக் கட்டையருகே ஊனோ குனிந்து
கார்க் கண்ணாடியைத் தட்டுகிறார்:
"பெல்ட்டைக் கழற்றுங்கள். பையனுடையதையும்.
மெதுவாகப் போங்கள். நிற்க மட்டும் வேண்டாம்.
நின்றால் பனிக்கட்டி யோசிக்க ஆரம்பித்துவிடும்."

மற்ற நாளெல்லாம் கட்டிக்கொள் கட்டிக்கொள் என்கிற உலகம்
இங்கே மட்டும் அவிழ்த்துக்கொள் என்கிறது.
உள்ளே போனால் நீந்தி வெளியே வர வேண்டுமே.

பின்சீட்டில் ராய்கோ.
ஏழு வயது. பதினான்கு மாதமாக என் வீட்டில்.
இரண்டு வாரம் என்றுதான் முதலில் சொன்னார்கள்.
மடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா,
அதில் கறுப்பு ரொட்டி, வெண்ணெய் தடவி, இரண்டு துண்டு.
ஒன்று எனக்காம்.

மூன்று மணிக்கு ஹாப்சலுவில்
ஒரு மேஜை, ஒரு காகிதம், ஓர் அதிகாரி.
நிரந்தரமாக வைத்துக்கொள்கிறீர்களா?
இல்லையென்றால் டார்ட்டுவில் ஒரு குடும்பம் காத்திருக்கிறது,
இளம் தம்பதி, தோட்டம் உண்டு, நாய்கூட உண்டு.
எனக்கு ஐம்பத்தொன்பது.
என் இடது முழங்கால்
மாடிப்படியோடு பேச்சை நிறுத்தி நாளாயிற்று.
எண்டெலின் கோட்டு இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது,
சாகும்முன் அவன் மிச்சம் வைத்த சில்லறையோடு.

ஆண்டவரே,
மூன்று வாரமாகக் கேட்டுவிட்டேன்.
அடுப்பின் முன் கேட்டேன். ஆலயத்தில் கேட்டேன்.
உறைந்த குழாயில் வெந்நீர் ஊற்றிக்கொண்டே
கொஞ்சம் கோபமாகவும் கேட்டேன்.
வேதாகமத்தைக் கண்மூடித் திறந்து விரல் வைத்தேன்.
வம்ச அட்டவணை வந்தது.
இன்னான் இன்னானைப் பெற்றான்,
அவன் இன்னானைப் பெற்றான்.
நான் யாரையும் பெறவில்லை.
பதில் சொல்கிறீரா, கேலி செய்கிறீரா?

சாலை என்றால் சாலையில்லை.
வெள்ளையின் மேல் வெள்ளை.
இடைவெளி விட்டு நட்ட ஜூனிப்பர் கிளைகள்.
ஒன்றைக் கடந்தால் அடுத்தது தெரியும்,
அதற்கடுத்தது தெரியாது.
இதுதான் விசுவாசம் என்பார் எங்கள் போதகர்.
அவர் எப்போதும் கப்பலில் போகிறவர்.

ராய்கோ கிளைகளை எண்ணிக்கொண்டு வருகிறான்.
எழுபதில் நிறுத்தி,
"இதெல்லாம் யாரு நட்டது?"
ஊனோவும் அவர் ஆட்களும்.
"அவங்க நடந்து வந்தப்போ கிளை இருந்துச்சா?"

இல்லை.

"அப்போ அவங்களுக்கு எப்படி வழி தெரிஞ்சுது?"

சக்கரங்களுக்குக் கீழே கடல்
எண்ணெய் காணாத கதவுபோல் முனகுகிறது.
"தெரியாது. பனியில ஒரு துளை போடுவாங்க.
கோல் விட்டுப் பார்ப்பாங்க.
தாங்கும்னா நட்டுட்டு, கொஞ்சம் நடப்பாங்க.
அப்புறம் இன்னொரு துளை."

என் வாய் சொன்னது
என் காதுக்குச் சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்தது.

முதல் இரவு படுக்கையை நனைத்தான். தாங்கியது.
ஜன்னலை உடைத்துவிட்டு
விறகுக் கொட்டகையில் ஒளிந்த நாள். தாங்கியது.
காய்ச்சலில், யாரென்று தெரியாமல்,
என்னை அம்மா என்றானே,
அன்று ஒரு விரிசல் ஓடியது, இங்கிருந்து கரைவரைக்கும்.
அதுவும் தாங்கியது.

ஆனாலும் ஆண்டவரே,
அவனுக்கு இருபத்துமூன்று ஆகும்போது எனக்கு எழுபத்தைந்து.
அந்த இடத்தில் பனி எத்தனை அங்குலம்?
இங்கிருந்து கோல் எட்டவில்லை.
நீர் அங்கே இருக்கிறீர் என்கிறார்கள்.
இருந்தால் ஒரு கிளையாவது நட்டு வையும்.

எழுபத்தொன்று, என்கிறான் பின்னாலிருந்து.
எழுபத்திரண்டு.

தூரத்தில் கரை, பென்சில் கோடாக.
ஏறியதும் பெல்ட் போடச் சொல்வார்கள்.
அதுவரை எங்களைக் கட்டியிருப்பது எதுவுமில்லை.
மணிக்கு இருபது கிலோமீட்டர்.
ஒரு கையில் ஸ்டியரிங்,
மறு கையில் அவன் நீட்டிய ரொட்டி.

உம்மை நம்புகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை.
நிற்கவில்லை, அவ்வளவுதான்.